தண்ணீர் எங்கே போகிறது? உடலில் உப்பும் நீரும் மாறும்போது நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு கட்டிலில் ஒரு லிட்டர் நார்மல் சலைன், அதாவது உப்புக் கரைசல், ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒரு லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல். பார்க்க வரும் உறவினர்களுக்கு இரண்டுமே "குளுக்கோஸ் பாட்டில்"தான். ஆனால் இரண்டும் உடலுக்குள் போய்ச் சேரும் இடம் வேறு வேறு. சலைனில் சுமார் 210 மில்லி இரத்தக் குழாய்க்குள் தங்கும். டெக்ஸ்ட்ரோஸில் தங்குவது சுமார் 70 மில்லி. ஒரு காபி டம்ளர்கூட நிறையாது. இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவம், நர்சிங், பார்மசி படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினாலும், வீட்டில் குழந்தைகளையும் வயதானவர்களையும் கவனித்துக்கொள்கிற யாரும் படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இந்தப் பாடத்தை நான் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றேதான்: ரிப்போர்ட்டில் சோடியம் குறைந்திருந்தால் உடலில் உப்பு குறைந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சோடியம் எண் உப்பின் மொத்த அளவைச் சொல்வதில்லை. உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைத்தான் சொல்கிறது. அந்த எண்ணிலிருந்து செல்கள் வீங்கியிருக்கின்றனவா, சுருங்கியிருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம். உடலில் உப்பு மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நாடியைப் பிடிக்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், காலை அழுத்திப் பார்க்க வேண்டும். இது ஏன் அப்படி என்பது கணக்குப் போடப் போடத் தானே புரியும்.

முதல் படி: இரண்டு பெட்டிகள் வரையுங்கள்

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். எடையில் 60 சதவீதம் தண்ணீர் என்றால் 42 லிட்டர். இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 28 லிட்டர், செல்களுக்குள் இருக்கிறது. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. வெளியே இருக்கும் அந்த 14 லிட்டரில் சுமார் 3 லிட்டர் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதி. மற்ற 11 லிட்டர் செல்களுக்கு இடையே ஊறிக் கிடக்கும் இடைத்திரவம்.

எல்லோருக்கும் 60 சதவீதம் கிடையாது. கொழுப்பில் தண்ணீர் குறைவு என்பதால் பெண்களுக்குச் சுமார் 50 சதவீதம், வயதானவர்களுக்கு அதைவிடவும் குறையலாம். பிறந்த குழந்தைக்கு 75 சதவீதம்வரை இருக்கும். குழந்தைக்குத் தண்ணீர் அதிகம் என்பதால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 7 கிலோ குழந்தையின் வெளித்திரவம் சுமார் 2 லிட்டர்தான். நாள் ஒன்றுக்கு அது 700 மில்லி குடித்து ஏறக்குறைய அவ்வளவையும் வெளியேற்றுகிறது. வெளித்திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு தினமும் புரள்கிறது. பெரியவர்களுக்கு அது ஏழில் ஒரு பங்குதான். ஒரே நாள் வயிற்றுப்போக்கில் குழந்தை துவண்டுபோவது இதனால்தான்.

சரி, இப்போது படம். தாளில் இரண்டு செவ்வகங்களை ஒட்டி ஒட்டி வரையுங்கள். இடப்பக்கம் உள்பெட்டி, வலப்பக்கம் வெளிப்பெட்டி. அகலம் லிட்டர் கணக்கு. உயரம் செறிவு, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பது. இந்தத் துகள்களை மில்லிஆஸ்மோல் என்ற அலகில் எண்ணுகிறோம். உடலில் இயல்பான செறிவு 275 முதல் 295 வரை. கணக்குக்கு வசதியாக 280 என்று வைத்துக்கொள்வோம்.

உள்ளே: 28 × 280 = 7,840 துகள்
வெளியே: 14 × 280 = 3,920 துகள்
மொத்தம்: 42 லிட்டரில் 11,760 துகள்

பாடப்புத்தகங்களில் இதற்கு டாரோ–யானெட் படம் என்று பெயர். டேனியல் டாரோ, ஹெர்மன் யானெட் என்ற இருவர் 1935-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அந்தச் சோதனையை மாணவர்களிடம் சொல்லாமல் நான் மேலே போவதே இல்லை. விலங்குகளின் வயிற்றறைக்குள் உப்பே இல்லாத குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தினார்கள். சில மணி நேரம் காத்திருந்தார்கள். உடலில் இருந்த உப்பு அந்தக் கரைசலுக்குள் ஊறி வந்தது. பிறகு கரைசலை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டார்கள். தண்ணீரை ஏறக்குறைய அப்படியே விட்டு, உப்பை மட்டும் திருடியது போலத்தான். விளைவு என்ன? உடலின் மொத்த நீர் பெரிதாக மாறாதபோதும் வெளிப்பெட்டி சுருங்கியது, அங்கிருந்த தண்ணீர் செல்களுக்குள் போய்விட்டது. வெளிப்பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை முடிவுசெய்வது உப்புதான் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

இரண்டாம் படி: மூன்று விதிகள்

முதல் விதி, வருவதும் போவதும் வெளிப்பெட்டி வழியாகத்தான். குடித்தாலும், டிரிப்ஸ் ஏற்றினாலும், வியர்த்தாலும், வாந்தி எடுத்தாலும் முதலில் கூடுவதும் குறைவதும் வெளிப்பெட்டி. செல்லுக்கு நேரடி வாசல் கிடையாது.

இரண்டாவது, செல்லின் சவ்வைத் தண்ணீர் தடையில்லாமல் கடக்கும். சோடியம் உள்ளே போய்த் தங்க முடியாது. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அதனால் வெளியே, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், சோடியம் 140, பொட்டாசியம் 4. உள்ளே இது ஏறக்குறைய தலைகீழ். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் செறிவு கூடினால், உப்பு நகராது, தண்ணீர்தான் நகரும். இரு பக்கமும் உயரம் சமமாகும்வரை நகரும்.

மூன்றாவது விதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உள்பெட்டியில் இருக்கும் 7,840 துகள்கள், குறுகிய காலத்துக்கு, மாறுவதில்லை. ஆகவே செல்களில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 7,840-ஐ இப்போதைய செறிவால் வகுத்தால் போதும். செறிவு இறங்கினால் செல் வீங்கும், ஏறினால் சுருங்கும். வெளித்திரவத்தின் செறிவில் பெரும்பகுதி சோடியத்தாலும் அதனுடன் இருக்கும் குளோரைடு போன்றவற்றாலும் வருவது. அதனால்தான் சோடியம் எண் செல்லின் கதையைச் சொல்கிறது என்றேன்.

மூன்றாம் படி: கணக்கின் வரிசை

எந்தக் கேள்வி வந்தாலும் இந்த வரிசையில் போங்கள். மாற்றத்துக்குப் பிறகு மொத்தத் தண்ணீர் எத்தனை லிட்டர்? மொத்தத் துகள் எத்தனை? துகளைத் தண்ணீரால் வகுத்தால் புதிய செறிவு. 7,840-ஐ அந்தச் செறிவால் வகுத்தால் உள்பெட்டி. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் வெளிப்பெட்டி. பெட்டியில் நடப்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து விடை சொல்ல முயலாதீர்கள். வகுத்துப் பார்ப்பதுதான் பத்திரம்.

நான்காம் படி: உள்ளே வருபவை

ஒருவர் 3 லிட்டர் பச்சைத் தண்ணீரை மளமளவென்று குடித்துவிட்டார், இன்னும் சிறுநீர் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 45 லிட்டர், துகள் அதே 11,760. புதிய செறிவு 261. உள்பெட்டி 30 லிட்டர், வெளிப்பெட்டி 15 லிட்டர். குடித்த மூன்றில் இரண்டு செல்களுக்குள் போய்விட்டது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் இதே கணக்குதான். பாட்டிலில் இருக்கும்போது அதன் செறிவு உடலை ஒட்டியே இருக்கிறது. ஆனால் உள்ளே போனதும் குளுக்கோஸ் செலவாகிவிடுகிறது, மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஒரு லிட்டரில் 333 மில்லி மட்டும் வெளிப்பெட்டியில் நிற்க, அதிலும் 14-ல் 3 பங்குதான் பிளாஸ்மா என்பதால் சுமார் 70 மில்லி என்ற எண் வருகிறது.

ஆரோக்கியமான சிறுநீரகம் மணிக்கு 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை உபரி நீரை வெளியேற்றிவிடும். அதனால் சாதாரணமாக ஆபத்தில்லை. அந்த வேகத்தையும் தாண்டிக் குடித்தால், அல்லது சிறுநீரகத்துக்கு "தண்ணீரை விடாதே" என்ற உத்தரவு வந்திருக்கும் நேரத்தில் குடித்தால்தான் சிக்கல். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள்.

அடுத்தது சலைன். 0.9 சதவீத உப்புக் கரைசலின் ஒரு லிட்டரில் சோடியம் 154, குளோரைடு 154. ஏட்டுக் கணக்கில் 308. உண்மையில் அது அளக்கப்படும்போது உடலின் செறிவுக்கு மிக நெருக்கமாகவே இருக்கிறது. ஆகவே உயரம் மாறாது. உயரம் மாறாவிட்டால் தண்ணீர் நகராது. 3 லிட்டர் ஏற்றினால் வெளிப்பெட்டி 17, உள்பெட்டி அதே 28. சோடியம் எண்ணும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இந்த நோயாளியின் உடலில் உப்பு ஏராளமாகக் கூடியிருக்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் ஒன்றுமே தெரியாது. ரிப்போர்ட் காட்டாததைக் கால் வீக்கம் காட்டும்.

மூன்றாவது, தண்ணீரே இல்லாமல் உப்பு மட்டும். 12 கிராம் உப்பு என்றால் சுமார் 210 மில்லிமோல். கரைந்தால் சோடியமும் குளோரைடுமாகப் பிரிந்து 420 துகள். மொத்தம் 12,180-ஐ 42-ஆல் வகுத்தால் 290. உள்பெட்டி 27, வெளிப்பெட்டி 15. ஒரு மேசைக்கரண்டிகூட வராத உப்பு, செல்களிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட இரவில் நாக்கு வறளுவதும் இதன் சிறிய வடிவம்தான். கடலில் திசை தவறிய மீனவர் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவ்வளவு அடர்த்தியாகச் சிறுநீரில் உப்பைக் கழிக்க நம் சிறுநீரகத்தால் முடியாது. குடித்த உப்பைக் கழிக்கக் குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும், அந்தக் கூடுதல் தண்ணீர் உடலிலிருந்துதான் போகும்.

ஐந்தாம் படி: வயிற்றுப்போக்கு

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். இங்கேதான் வீடுகளில் உயிர் போகிறது.

கடும் வயிற்றுப்போக்கில், காலராவில் குறிப்பாக, வெளியேறும் நீர் கிட்டத்தட்ட உடலின் செறிவிலேயே இருக்கும். 3 லிட்டர் போய்விட்டது என்போம். போன துகள் 3 × 280 = 840. மீதி 39 லிட்டரில் 10,920. செறிவு அதே 280. உள்பெட்டி 28, வெளிப்பெட்டி 11. இழப்பு முழுவதும் வெளிப்பெட்டியின் தலையில். கண் குழிவிழும், நாடி வேகமாகும், எழுந்து நின்றால் தலை சுற்றும், சிறுநீர் குறையும். சோடியம் எண்ணைப் பார்த்தால் 140, "நார்மல்".

இப்போது வீட்டில் இருப்பவர்கள் அக்கறையோடு காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 3 லிட்டர் கொடுக்கிறார்கள். போனது மூன்று, வந்தது மூன்று. எடை பார்த்தால் பழைய எடையே இருக்கும். கணக்குப் போடுங்கள்: தண்ணீர் 42, துகள் 10,920, செறிவு 260. உள்பெட்டி 30.15. வெளிப்பெட்டி 11.85. கொடுத்த மூன்று லிட்டரில் வெளிப்பெட்டிக்குத் தேறியது 850 மில்லிதான். இரண்டு லிட்டருக்கு மேல் செல்களுக்குள் போய் அவற்றை வீங்கவைத்துவிட்டது. சோடியம் 130-க்கு இறங்கிவிட்டது. ஆளுக்கு நாடி இன்னும் வேகமாகத்தான் அடிக்கிறது, கூடவே மூளைச் செல்களும் வீங்கியிருக்கின்றன.

எங்கள் ஆச்சிக்கு இது நடந்தது. மூன்று நாள் வயிற்றுப்போக்கு. தண்ணீர், பால் இல்லாத டீ, மறுபடி தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். பி.பி. இருக்கிறதே என்று கஞ்சியில் உப்புகூடப் போடவில்லை, பி.பி.க்கான நீர் மாத்திரையையும் நிறுத்தவில்லை. அந்த மாத்திரையின் வேலையே சிறுநீரில் உப்பைக் கழிப்பது. மூன்றாம் நாள் மாலை ஆச்சி என் அம்மாவைப் பார்த்து, என்றோ இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, குழப்பம் என்று நினைத்தோம். மருத்துவமனையில் சோடியம் 118. நான் அப்போது இதே பாடத்தைப் படித்து முடித்திருந்தேன். பரீட்சையில் எழுதியதை வீட்டுக் கட்டிலில் அடையாளம் காணத் தெரியவில்லை. ஆச்சி பிழைத்துவிட்டார். அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை, அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு நீட்டுகிறேன்.

தண்ணீருக்குப் பதில் ஓஆர்எஸ் கொடுத்திருந்தால்? உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, மொத்தம் 245. குளுக்கோஸ் செலவாகிவிடும், பொட்டாசியம் செல்லுக்குள் போய்விடும் என்று விட்டுவிடுங்கள். 3 லிட்டரில் 225 சோடியம், அதன் துணை அயனிகளோடு சுமார் 450 துகள் வெளிப்பெட்டிக்குச் சேரும். 10,920 + 450 = 11,370. 42-ஆல் வகுத்தால் 271. உள்பெட்டி 29, வெளிப்பெட்டி 13. அதே மூன்று லிட்டர்தான். ஆனால் வெளிப்பெட்டிக்கு 850 மில்லிக்குப் பதிலாக 2 லிட்டர் திரும்பிவிட்டது. மீதிக் குறையைக் கஞ்சியும் சோறும் உப்பும் சரிசெய்யும்.

அதில் சர்க்கரை எதற்கு என்று கேட்பார்கள். தெம்புக்காக இல்லை. சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது; ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். உப்பு உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு குடலின் மற்ற வழிகளைக் குலைத்தாலும் இந்த வாசலைக் கெடுப்பதில்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்ற சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் போட்டுத் தண்ணீரில் கலக்கி, உறவினர்கள் கையாலேயே குடிக்கவைத்தார். அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கடும் வயிற்றுப்போக்குக்கு வாய்வழி கொடுப்பது போதாது என்று பல மருத்துவர்கள் நம்பிய காலம் அது.

பாக்கெட்டைக் கலக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. எது என்று உறையில் பார்த்து, முழுப் பாக்கெட்டையும் அந்த அளவுத் தண்ணீரில் ஒரேயடியாகக் கலக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் பிரித்துப் போட்டால் இவ்வளவு நேரம் போட்ட கணக்கெல்லாம் கெட்டுவிடும். சர்க்கரை மிகுந்த பழச்சாறும் குளிர்பானமும் ஓஆர்எஸ் ஆகாது. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து போக்கைக் கூட்டும். இளநீரை எல்லோரும் நம்புகிறோம், நானும் விரும்பிக் குடிப்பேன். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. பாக்கெட் கிடைக்கும்வரை உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அதைவிட நல்லது. அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே வாசலைத் திறக்கும்.

ஆறாம் படி: வியர்வை

வியர்வை உடல் திரவத்தைவிட நீர்த்தது. மே மாத வெயிலில் கட்டட வேலை செய்பவர் 3 லிட்டர் வியர்த்தார், லிட்டருக்குச் சோடியம் 50, ஆகத் துகள் 100 என்று வைத்தால், 39 லிட்டரில் 11,460; செறிவு 294. உள்பெட்டி 26.7, வெளிப்பெட்டி 12.3. இந்த முறை இழப்பை இரண்டு பெட்டிகளும் பங்குபோட்டுக்கொண்டன. செறிவு ஏறியதால் தாகம் எடுக்கும். அவர் 3 லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தால் செறிவு 273-க்கு இறங்கி, வெளிப்பெட்டி 13.3-ல் நின்றுவிடும். முக்கால் லிட்டர் குறை. தாகமோ அதற்கு முன்பே அடங்கிவிட்டது. காலையில் உப்புப் போட்ட நீராகாரம், நடுப்பகலில் உப்பு மோர் என்று வயல்வேலைக்காரர்கள் குடிப்பது இந்தக் குறையை நிரப்பத்தான். ஆனால் நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பொருந்தாது. நம் சாப்பாட்டில் உப்பு ஏற்கெனவே தேவைக்கு மேல்தான்.

ஏழாம் படி: காவலர்கள் இருவர்

இதுவரை சிறுநீரகத்தை ஓரமாக நிறுத்திவைத்துக் கணக்குப் போட்டோம். உண்மையில் உடல் இரண்டு காவலர்களை வைத்திருக்கிறது. ஒருவர் செறிவைப் பார்க்கிறார்: மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி. செறிவு 1 முதல் 2 சதவீதம் மாறினாலே போதும், தண்ணீரை விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் வாசோப்ரெசின் ஹார்மோனைக் கூட்டியோ குறைத்தோ சிறுநீரில் போகும் தண்ணீரை மாற்றுகிறது. தாகத்தையும் அதுவே ஏவுகிறது. இன்னொருவர் வெளிப்பெட்டியின் நிரம்பலைப் பார்க்கிறார்: இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் உள்ள அழுத்த உணரிகள். இவர் ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்புகள் வழியாக உப்பைப் பிடித்து வைக்கிறார். செறிவைத் திருத்தத் தண்ணீர், நிரம்பலைத் திருத்த உப்பு.

இரண்டு காவலர்களுக்கும் சண்டை வந்தால்? ஆச்சியின் விஷயத்தில் அதுதான் நடந்தது. செறிவு குறைந்துவிட்டதால் முதல் காவலர் வாசோப்ரெசினை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வெளிப்பெட்டி 10 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டால் இரண்டாம் காவலரின் குரல்தான் எடுபடும்: எந்தத் தண்ணீரானாலும் விடாதே. உடல் இரத்த ஓட்டத்தைக் காப்பாற்ற, மூளைச் செல்லின் வீக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறது. அதனால்தான் குடித்த வெறும் தண்ணீர் சிறுநீராகப் போகாமல் உள்ளேயே தங்கிச் சோடியத்தை இன்னும் இறக்கியது.

எட்டாம் படி: கணக்கு பொய்க்கும் இடங்கள்

சர்க்கரை கட்டுப்பாடில்லாத நீரிழிவில் குளுக்கோஸ் செல்லுக்குள் போகாமல் வெளிப்பெட்டியிலேயே கிடந்து, செல்களிலிருந்து தண்ணீரை இழுக்கும். அந்தத் தண்ணீர் சோடியத்தை நீர்க்கச் செய்யும். இங்கே சோடியம் எண் குறைவு, ஆனால் செல்கள் சுருங்கியிருக்கின்றன. சர்க்கரை 100-க்கு மேல் ஒவ்வொரு 100 ஏற்றத்துக்கும் சோடியம் சுமார் 1.6 குறையும் என்பது பழைய, இன்றும் பயன்படும் கணக்கு. சர்க்கரை 600, சோடியம் 132 என்றால் 8 சேர்த்து 140 என்று படிக்க வேண்டும். யூரியா இதற்கு நேர்மாறு. அது சவ்வைக் கடந்து இரு பக்கமும் சமமாகிவிடும், தண்ணீரை இழுக்காது. மொத்தச் செறிவைக் கணக்கிடச் சோடியத்தை இரண்டால் பெருக்கி, சர்க்கரையை 18-ஆலும் யூரியாவை 6-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் 2.8 என்று இருக்கும். அது யூரியாவின் நைட்ரஜனை மட்டும் அளக்கும் ஆய்வகங்களுக்கு. நம் ஊர் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் முழு யூரியாவே இருக்கும்.

இரண்டாவது, 7,840 மாறாது என்ற விதி. இரண்டு நாள் வீங்கியே இருந்தால் மூளைச் செல்கள் தம் துகள்களில் ஒரு பகுதியை வெளியேற்றிப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மண்டையோடு விரியாது என்பதால் அவற்றுக்கு வேறு வழியில்லை. அப்படிப் பழகிய மூளைக்கு வேகமாக உப்பை ஏற்றினால், துகள் குறைந்த செல்கள் சட்டென்று சுருங்கி, நரம்புகளின் உறை சிதையும். கை கால் விழுந்துபோகலாம், பேச்சும் விழுங்குதலும் போகலாம். எனவே நாள்பட்ட குறைவில் 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் சோடியத்தை ஏற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வலிப்பு வந்துவிட்டால் மட்டும் 3 சதவீதச் சலைனைச் சிறு அளவில் உடனே கொடுத்து 4 முதல் 6 வரை ஏற்றி, அங்கே நிறுத்துவார்கள்.

மூன்றாவது, வெளிப்பெட்டிக்குள் இருக்கும் தடுப்பு. பிளாஸ்மாவுக்கும் இடைத்திரவத்துக்கும் நடுவே இருக்கும் நுண்குழாய்ச் சுவரை உப்பும் தண்ணீரும் எளிதில் கடக்கும், அல்புமின் புரதம்தான் பெரும்பாலும் கடக்காது. குழாயின் அழுத்தம் வெளியே தள்ள, அல்புமின் உள்ளே இழுக்கும் என்று எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-ல் விளக்கினார். கல்லீரல் கெட்டு அல்புமின் குறைந்தாலும், சிறுநீரில் அது ஒழுகினாலும், இதயம் தளர்ந்து குழாயில் அழுத்தம் கூடினாலும் திரவம் இடைவெளியில் தேங்கும்.

ஒன்பதாம் படி: ஒரே எண், மூன்று பேர்

இப்போது தாளை எடுங்கள். மூன்று நோயாளிகள், மூவருக்கும் சோடியம் 125, சர்க்கரை இயல்பு. மூவரின் உள்பெட்டியும் வீங்கித்தான் இருக்கிறது. அதுவரை எண்ணே சொல்லிவிட்டது. வெளிப்பெட்டியை நீங்கள்தான் தொட்டுப் பார்த்து வரைய வேண்டும்.

முதலாமவர் நான்கு நாள் வயிற்றுப்போக்கோடு வந்தவர். நாக்கு வறண்டிருக்கிறது, எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. வெளிப்பெட்டி சிறியது, உப்பு போய்விட்டது, தண்ணீர் அந்த அளவு போகவில்லை. இவருக்குச் சலைன். ஆனால் வெளிப்பெட்டி நிரம்பியதும் இரண்டாம் காவலர் அமைதியாகிவிடுவார், வாசோப்ரெசின் நின்று, பிடித்துவைத்த தண்ணீரெல்லாம் சிறுநீராகக் கொட்டும், சோடியம் தானாக விறுவிறுவென்று ஏறும். சிறுநீர் திடீரென்று அதிகமாகிறதா என்று கவனியுங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பாருங்கள். 8 என்ற வரம்பு இங்கேதான் மீறப்படுகிறது.

இரண்டாமவருக்கு இதயத் தளர்ச்சி. கால் முட்டிவரை வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. வெளிப்பெட்டி பெரியது. இவர் உடலில் உப்பு இயல்பைவிட அதிகம். தண்ணீர் அதைவிடவும் அதிகம், அதனால் எண் குறைவு. "சோடியம் கம்மி, உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று இவரிடம் சொல்வது பெரிய தீங்கு. உப்பையும் தண்ணீரையும் குறைத்து, நீர் மாத்திரை கொடுத்து வெளிப்பெட்டியைச் சுருக்க வேண்டும்.

மூன்றாமவருக்கு நிமோனியா. வறட்சியும் இல்லை, வீக்கமும் இல்லை. நாடியும் அழுத்தமும் சீராக இருக்கின்றன. வெளிப்பெட்டி ஏறக்குறைய சரியான அளவு. காரணமே இல்லாமல் வாசோப்ரெசின் சுரந்துகொண்டிருக்கிறது. நுரையீரல் நோய்களிலும், தலையில் அடிபட்டவர்களிடமும், சில மருந்துகளாலும் இப்படி நடக்கும். வெள்ளைப் பாட்டில்தானே என்று இவருக்கும் சலைன் போட்டால், சிறுநீரகம் அதிலுள்ள உப்பை அடர்த்தியான சிறுநீரில் கழித்துவிட்டுத் தண்ணீரில் ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். 125 இன்னும் கீழே போகும். இவர் குடிக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும், நிமோனியாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும்.